யுரேனியம் யார் கையைப் பிடித்திருக்கிறது?

மணவாளக்குறிச்சி கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பார்த்தால், கறுத்த இல்மனைட்டுக்கும் சிவந்த கார்னெட்டுக்கும் நடுவே தேன் நிறத்தில் சில மணிகள் தென்படும். அவை மோனசைட். அவற்றுக்குள் தோரியம் இருக்கிறது. அதே கரையில் காலை நனைத்துவிட்டுப் போகும் அலைக்குள் யுரேனியம் இருக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 3.3 மைக்ரோகிராம். உலகக் கடல்கள் முழுவதையும் கூட்டினால் சுமார் 450 கோடி டன் வரும். தனிம அட்டவணையில் தோரியத்தின் எண் 90, யுரேனியத்தின் எண் 92. ஒரு வீடு தள்ளிக் குடியிருக்கும் இந்த இருவரில் ஒருவர் எத்தனை அலை அடித்தாலும் மணலை விட்டு இறங்குவதில்லை. மற்றவரோ எல்லாக் கடல்களிலும் கரைந்து கிடக்கிறார்.

இரண்டுமே கதிரியக்கத் தனிமங்கள். ஆனால் ஒன்று கரைவதற்கும் மற்றது கரையாமல் கிடப்பதற்கும் கதிரியக்கத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. பக்கத்திலுள்ள அணுக்களோடு ஒவ்வொன்றும் எப்படிக் கைகோத்துக்கொள்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிளஸ் டூ வேதியியலில் அணைவுச் சேர்மங்களைப் படித்தவர்களுக்கு இந்தக் கைகோப்பு புதிதல்ல. நடுவில் ஓர் உலோக அணு, சுற்றிலும் அதைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஈனிகள். கோபால்ட்டையும் நிக்கலையும் வைத்து அந்தப் பாடம் நடந்து முடிந்துவிடும். யுரேனியத்தின் அணைவுகளோ அணுசக்தித் துறைக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்கிப் போய்விட்டன. இன்று அவை ஆழ்துளைக் கிணறுகளில் ஏறி வருகின்றன. ஊர்ப் பேச்சுக்கு அவை வந்தாக வேண்டிய நேரம் இது.

‘நிலத்தடி நீரில் யுரேனியம்’ என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. கூடவே ஓர் எண் வரும், ஒரு வரம்பு வரும். உடனே ஒரு தரப்பு பதறும். இன்னொரு தரப்பு ‘பாறையில் இயற்கையாக இருப்பதுதானே’ என்று கைகழுவும். அந்த யுரேனியம் எதோடு சேர்ந்து, எந்த வடிவில் இருக்கிறது என்று இரு தரப்பும் கேட்பதில்லை. எண் வேண்டியதுதான். வடிவம் தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும், எதைக் கொண்டு பிடிக்கலாம் என்று எதையும் சொல்ல முடியாது.

அந்த வடிவத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம்.

காற்றோட்டமுள்ள நீரில் யுரேனியம் தனியாக நிற்பதில்லை. ஆறு எலக்ட்ரான்களை இழந்து, இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொண்டு யுரேனைல் என்னும் அயனியாகிவிடுகிறது. தலைமாட்டில் ஓர் ஆக்சிஜன், கால்மாட்டில் ஓர் ஆக்சிஜன், நடுவில் யுரேனியம். மூன்றும் அளவுகோல் வைத்து இழுத்த கோடுபோல நேராக நிற்கும். ஒவ்வொரு பக்கமும் பிணைப்பின் நீளம் சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. புத்தகங்களில் இரட்டைக் கோடு போட்டு இந்தப் பிணைப்பைக் காட்டுவார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் முப்பிணைப்புக்கு இணையான வலு அதற்கு உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹென்றி டாப், 1960களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். யுரேனைலின் ஆக்சிஜன்கள் சுற்றியிருக்கும் நீரின் ஆக்சிஜன்களோடு இடம் மாறுகின்றனவா என்பதே கேள்வி. அமிலக் கரைசலில் பாதி ஆக்சிஜன்கள் இடம் மாறுவதற்கே 40,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது.

தலையும் காலும் இப்படி அடைபட்டுவிட்டதால், வேறு ஈனிகள் வந்து சேர இடுப்பு மட்டுமே மிச்சம். நான்கு, ஐந்து, மிஞ்சினால் ஆறு அணுக்கள் ஒட்டியாணம் கட்டியதுபோல் இடுப்பைச் சுற்றி அமர்கின்றன. வேறெதுவும் கரையாத அமில நீரில் என்றால் ஐந்து நீர் மூலக்கூறுகள். கார்பனேட் இருந்தால் மூன்று கார்பனேட்டுகள், ஆளுக்கு இரண்டு ஆக்சிஜன்களை நீட்டி, ஆறு முனையுள்ள ஒட்டியாணமாகும். இந்தப் பிடி தளர்வானது, 2.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளியே நிற்கும். யுரேனைல் தன் இரு ஆக்சிஜன்களை விடாது, ஒட்டியாணத்தை மட்டும் இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளும். நீரில் அது போடும் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வாக்கியம் பெருமளவு போதும்.

தோரியம் ஏன் இப்படிச் செய்வதில்லை? தோரியம் டையாக்சைடை ஆவியாக்கித் தனி மூலக்கூறாகப் பார்த்தால், அதிலும் யுரேனைலில் இருக்கும் அதே எண்ணிக்கையில்தான் பிணைப்பு எலக்ட்ரான்கள். ஆனாலும் அந்த மூலக்கூறு வளைந்து நிற்கிறது. யுரேனியத்தின் 5எஃப் ஆர்பிட்டால்கள் ஆற்றலில் கீழே இறங்கி வந்து பிணைப்பில் பங்கெடுப்பதால் நேர்க்கோடு அமைகிறது. தோரியத்தில் அவை மேலேயே தங்கிவிட, 6டி ஆர்பிட்டால்கள் முன்னுக்கு வருகின்றன. நீரில் தோரியம் நான்கு எலக்ட்ரான்களை இழப்பதோடு நின்றுவிடும். யுரேனைல்போல ஓர் உருவம் அதற்குக் கிடையாது. அதனால் ஹைட்ராக்சைடாகப் படியும், இல்லையேல் மோனசைட்டில் இருப்பதுபோல் பாஸ்பேட்டின் பிடியில் இறுகிக் கிடக்கும். குமரிக் கரையில் மணலுக்கும் அலைக்கும் நடுவே நடந்திருக்கும் பாகப்பிரிவினையைச் செய்தது இந்த ஆர்பிட்டால் வித்தியாசம்தான்.

ஆக்சிஜனை யுரேனியம் எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1789இல் மார்ட்டின் கிளாப்ரோத் பிட்ச்பிளெண்டு தாதுவிலிருந்து ஒரு கரும்பொடியைப் பிரித்து, புதிய தனிமம் கண்டதாக அறிவித்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தப் பொடி தனிமமே அல்ல, ஆக்சைடு என்பதை பாரிஸில் யூஜின் பெலிகோ 1841இல் காட்டும்வரை 52 ஆண்டுகள் வேதியியல் உலகம் அதை உலோகம் என்றே நம்பியிருந்தது.

1896இல் ஆன்றி பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டதும் ஒரு யுரேனைல் சேர்மத்தில்தான். பொட்டாசியம் யுரேனைல் சல்பேட் படிகத்தை, கறுப்புத் தாள் சுற்றிய ஒளிப்படத் தகட்டின் மேல் வைத்தார். பாரிஸில் வெயில் இல்லாததால் அதை இழுப்பறையில் போட்டு வைத்தார். மார்ச் 1ஆம் தேதி தகட்டைக் கழுவிப் பார்த்தபோது படிகத்தின் உருவம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. யுரேனைல் சேர்மங்கள் ஒளிபட்டால் பச்சையாக மின்னும் என்பதற்காகவே அவர் அந்தப் படிகத்தைக் கையில் எடுத்திருந்தார். அன்றிலிருந்து யுரேனியம் என்றால் கதிர்வீச்சு என்று ஆகிவிட்டது. அந்த மின்னலைத் தந்த பிணைப்பைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விட்டது.

குடிநீர் விஷயத்தில் அந்த மறதி கேடு செய்கிறது. இயற்கை யுரேனியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் இருப்பது யுரேனியம்-238. அதில் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் ஒரு குவளை நீரில் கரைந்திருக்கும் யுரேனியத்தின் கதிர்வீச்சு சொற்பம். உடலை முதலில் தாக்குவது அதன் வேதிக் குணம். அடி வாங்குவது சிறுநீரகம். உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருப்பதும் இந்த வேதி நச்சை வைத்துத்தான். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுக் கணக்கில் 60 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021இல்தான் 30 மைக்ரோகிராமைக் குடிநீர்த் தரத்தில் சேர்த்தது. இரண்டு வரம்புகளுக்கும் நடுவே 45 மைக்ரோகிராம் உள்ள கிணறு ஒன்று இருந்தால், கதிர்வீச்சுக் கணக்கில் அது தேறும், வேதிக் கணக்கில் தோற்கும். வேதிக் கணக்கையே பின்பற்ற வேண்டும்.

உடலுக்குள் அந்த யுரேனைல் என்ன செய்கிறது என்று பார்த்தால் ஒட்டியாணத்தின் அருமை விளங்கும். கிணற்றில் கார்பனேட்டைக் கட்டிக்கொண்டிருந்த அயனி, இரைப்பையின் அமிலத்தில் அதைக் கழற்றிவிடுகிறது. பெரும்பகுதி உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறும். நூற்றுக்கு ஓரிரு பங்கு குடல்வழி ரத்தத்தில் ஏறும். ரத்தத்தில் பைகார்பனேட் தாராளம். மறுபடியும் கார்பனேட் ஒட்டியாணம். அந்த வேடத்தில் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டி நுண்குழலுக்குள் போகிறது. அங்கே சிறுநீர் அமிலத்தன்மை அடைய அடைய, கார்பனேட் கழன்று விழுகிறது. இடுப்பு காலியான யுரேனைல் பக்கத்தில் கிடைத்ததைப் பிடிக்கும். அங்கே கிடைப்பது நுண்குழல் செல்களின் சுவர். சிறுநீரகம் சேதமடைவது அங்கேதான். யுரேனியம் உடலில் ஏறிய தொழிலாளர்களுக்கு மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட் கொடுப்பதன் காரணமும் இதுவே: சிறுநீர் காரமாக இருந்தால் ஒட்டியாணம் கழலாமல் அயனி அப்படியே வெளியேறிவிடும். சமையலறைச் சோடா உப்பு இங்கே மருந்தாகிறது.

இனி மண்ணுக்கு வருவோம். 2009இல் பஞ்சாபின் ஃபரித்கோட்டில் குழந்தைகளின் தலைமுடியில் யுரேனியம் மிகுந்திருப்பதாகச் செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. அனல் மின்நிலையச் சாம்பல் என்றார்கள், எங்கோ நடந்த போரின் எச்சம் என்றார்கள். மால்வா வட்டாரக் கிணறுகளை ஆராய்ந்தவர்கள் பின்னர் சுட்டிக்காட்டிய காரணத்தில் இந்தப் பரபரப்பு ஏதும் இல்லை, ஆனால் கவலை அதைவிட அதிகம். பாசனம் நடக்கும் மண்ணில் பயிரின் வேர்களும் நுண்ணுயிர்களும் கார்பன் டையாக்சைடை வெளிவிடுகின்றன. அது நீரில் கரைந்து பைகார்பனேட் ஆகிறது. மண்துகள்களில் ஒட்டிக் கிடந்த யுரேனைலுக்கு இந்தக் கார்பனேட் கிடைத்ததும், மண்ணை விட்டு நீரோடு கிளம்பிவிடுகிறது. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே பாதையைக் கண்டார்கள்.

டியூக் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று இந்திய நீரியல் அமைப்புகளோடு சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, 16 மாநிலங்களில் யுரேனியம் மிகுந்த நிலத்தடி நீர் இருப்பதைக் காட்டியது. ராஜஸ்தானில் அவர்கள் சோதித்த கிணறுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வரம்பைத் தாண்டியிருந்தது. மூலம் பாறைதான். ஆனால் பாறையில் உறங்கிக் கிடந்ததை எழுப்பியதில் மனிதர்களின் பங்கு இருக்கிறது. நீர்மட்டம் சரியச் சரிய, ஆக்சிஜன் படாமல் இருந்த ஆழத்துக்கும் காற்று போகிறது. நான்கு எலக்ட்ரான்களை மட்டும் இழந்த நிலையில் கரையாமல் கிடந்த யுரேனியம் ஆறையும் இழந்து யுரேனைல் ஆகிறது. உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டும் அதே வேலைக்குத் துணைபோகிறது. ‘இயற்கையாக இருப்பது’ என்று சொல்லிக் கைகழுவுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அளவுக்கு மீறி உறிஞ்சிய ஆழ்துளைக் கிணறும் அளவுக்கு மீறிக் கொட்டிய யூரியாவும் இந்தக் கதையில் வருகின்றன. கடும்பாறை நிலமும் இறங்கிக்கொண்டே போகும் நீர்மட்டமும் உள்ள தமிழக மாவட்டங்களுக்கு இது வெளியூர்க் கதை ஆகாது.

கால்சியத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. மூன்று கார்பனேட் கட்டிய யுரேனைலின் மேல் நான்கு எதிர்மின் சுமை இருக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீரில் இரண்டு கால்சியம் அயனிகள் வெளிப்புறமாக வந்து ஒட்டிக்கொள்ள, சுமை பூச்சியமாகிவிடுகிறது. சுமை இல்லாத பொருள் களிமண்ணிலும் எளிதில் ஒட்டாது. தடையின்றி நெடுந்தூரம் போகும். யுரேனியத்தை மீண்டும் கரையாத வடிவத்துக்கு மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. டெரக் லவ்லி குழுவினர் 1991இல் இதை வெளியிட்டார்கள்; பிறகு அமெரிக்காவின் கொலராடோவில், ரைஃபிள் என்னும் ஊரின் பழைய யுரேனிய ஆலை நிலத்தில் அசிட்டேட்டைச் செலுத்தி, அவற்றை வளர்த்தும் பார்த்தார்கள். கால்சியம் மிகுந்த நீரில் அந்தப் பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகிவிடுவதாக 2003இல் இன்னோர் ஆய்வு காட்டியது. ஒரே அளவு யுரேனியமுள்ள இரண்டு கிணறுகளில் ஒரே வைத்தியம் பலிக்காமல் போக இது ஒன்றே போதும். கடலில் யுரேனியம் பெரும்பாலும் இருப்பதும் இந்தக் கால்சியம் பூண்ட வடிவத்தில்தான்.

பிணைப்பை அறிந்தவர்களுக்கு அதைப் பிடிக்கவும் தெரிந்திருக்கிறது. கல்பாக்கம், தாராப்பூர், டிராம்பே மறுசுத்திகரிப்பு ஆலைகளில் நடப்பது ஒட்டியாணம் மாற்றும் வேலை. எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த எண்ணெயோடு கலக்கினால், இரண்டு நைட்ரேட்டும் இரண்டு டிரைபியூட்டைல் பாஸ்பேட்டும் யுரேனைலின் இடுப்பைச் சுற்றிக்கொள்ளும். அவற்றின் வெளிப்புறம் எண்ணெய்த்தன்மை கொண்டது. யுரேனியம் எண்ணெயோடு போய்விடும், சீசியமும் ஸ்ட்ரான்சியமும் நீரில் நின்றுவிடும். ஜப்பானியர்கள் 1999 முதல் 2001 வரை முட்சு கரைக்கு அப்பால், அமிடாக்சிம் என்னும் ஈனியை ஒட்டவைத்த துணியைக் கடலில் மூழ்கவைத்தார்கள். 350 கிலோ துணி, மொத்தம் 240 நாள் ஊறி, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மஞ்சள் யுரேனியப் பொடியைத் தந்தது. சிகாகோவில் சுவான் ஹீ குழுவினர், யுரேனைலின் இடுப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரு புரதத்தை வடிவமைத்து 2014இல் வெளியிட்டார்கள். மற்ற உலோகங்களைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் அது யுரேனைலையே நாடியது.

வீட்டுக் கிணற்றுக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. காய்ச்சினால் யுரேனியம் போகாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நீர் ஆவியாகிக் குறையும்போது அடர்த்தி கூடவே செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். ஆனால் அது வெளியே தள்ளும் கழிவுநீரில் அத்தனை யுரேனியமும் இருக்கும். அதைக் கொல்லைப்புறத்தில் ஊற்றினால் மண்வழியே திரும்பி வரும். எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் ரெசின் தொட்டிகள் ஊர்ப் பொதுக் கிணறுகளுக்கு ஏற்றவை. கார்பனேட் கட்டிய யுரேனைலை அவை விரும்பிப் பிடிக்கும். அவற்றையும் உப்பு நீரால் கழுவும்போது வரும் கழிவுக்கு வழி சொல்லியாக வேண்டும்.

அளக்கும் கருவியிலேயே இந்த வேதியியல் வேலை செய்கிறது. நாட்டில் நிலத்தடி நீரைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் எல்.இ.டி. ஃபுளோரிமீட்டரில், சில மில்லி லிட்டர் நீரோடு சோடியம் பைரோபாஸ்பேட்டைக் கலக்கிறார்கள். கார்பனேட் ஒட்டியாணம் போய்ப் பைரோபாஸ்பேட் ஒட்டியாணம் வருகிறது. கார்பனேட்டோடு இருக்கையில் மங்கிக் கிடந்த யுரேனைல், இப்போது ஒளிபட்டதும் பச்சையாக மின்னுகிறது. அந்த மின்னலின் அளவே யுரேனியத்தின் அளவு. ஆய்வகப் பெண் ஒருவர் பஞ்சாபிலோ ராஜஸ்தானிலோ அந்தக் கருவியில் எண்ணை வாசித்து எழுதும்போது, எழுதப்படுவது மொத்த யுரேனியம் மட்டும். நீரில் அது எந்தக் கோலத்தில் இருந்தது என்ற செய்தி அந்தக் குப்பியிலேயே கலைந்துவிடுகிறது.

அதை மீட்பதற்குப் புதிய கருவி தேவையில்லை. கார அமிலத் தன்மை, பைகார்பனேட், கால்சியம், நைட்ரேட் என்ற நான்கும் தெரிந்தால் யுரேனைல் எந்த வடிவில் இருக்கும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுவிடலாம். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த நான்கையும் மத்திய நிலத்தடி நீர் வாரியம் எப்படியும் அளந்துகொண்டுதான் இருக்கிறது. யுரேனியம் ஒரு பட்டியலில், கடினத்தன்மை வேறொரு பட்டியலில், நைட்ரேட் இன்னொரு வரைபடத்தில் என்று பிரிந்து கிடப்பதுதான் குறை. கிணறுவாரியாக எல்லாவற்றையும் ஒரே வரிசையில், மாநில மொழியில் வெளியிட்டால், எந்த ஊருக்கு ரெசின் தொட்டி, எங்கே உரத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும், எங்கே கிணற்றையே மாற்ற வேண்டும் என்று ஊராட்சிகள் கேட்டுப் பெற முடியும்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். அணைவுச் சேர்மப் பாடத்தில் ஹீமோகுளோபினுக்கும் சிஸ்பிளாட்டினுக்கும் பக்கத்தில் யுரேனைல் டிரைகார்பனேட்டை வைத்தால், தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் அணைவு எண் என்ற சொல் வீட்டுக் குழாய்வரை வந்து சேரும்.

ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுப்பவர்கள் யுரேனியத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் அந்த ஓர் எண்ணோடு நின்றுவிடாமல், பைகார்பனேட், கால்சியம், நைட்ரேட் வரிகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவை இல்லாவிட்டால், எங்கே என்று ஆய்வகத்தைக் கேளுங்கள்.